ஈறின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? ஈறு நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும்

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் இளஞ்சிவப்பு தெரிந்தால், 'கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிட்டோம் போல' என்று கொப்பளித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். இன்னும் சிலர் ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கித் துலக்க ஆரம்பிக்கிறார்கள். இந்த இரண்டாவது பழக்கம் இன்னும் கெடுதல். அந்த இடத்தில் அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தமே வருகிறது. துலக்காமல் விட்டால் வீக்கம் கூடும், ரத்தமும் கூடும்.

நல்ல நிலையில் உள்ள ஈறு, மென்மையான பிரஷ்ஷால் துலக்கினால் ரத்தம் விடாது. அதனால் ஒரே இடத்தில் அடிக்கடி ரத்தம் வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. சொத்தைப் பல் ஒருநாள் இரவு தூங்கவிடாமல் செய்து நம்மைப் பல் மருத்துவரிடம் தள்ளிவிடும். ஈறு நோய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே வேலை செய்யும். பல் ஆட ஆரம்பித்த பிறகோ, முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுந்த பிறகோதான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பில் கணிசமான பகுதி கரைந்திருக்கும். கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

வலியை நம்பிக் காத்திருக்க முடியாத நோய் என்பதால் இதை அளந்துதான் பார்க்க வேண்டும். அந்த அளவுகளைப் புரிந்துகொண்டால் சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நடப்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

ஈறுக்குள் என்ன நடக்கிறது?

சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பது போல ஈறின் விளிம்பு பல்லைச் சுற்றி நிற்கிறது. பார்க்க ஒட்டியிருப்பது போலத் தெரிந்தாலும் விளிம்பில் அது ஒட்டுவதில்லை. 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு மெல்லிய இடுக்கு எல்லோருக்கும் உண்டு. அதற்குக் கீழேதான் ஈறு பல்லை இறுகப் பிடித்திருக்கிறது. இன்னும் கீழே போனால், பல்லின் வேரையும் தாடை எலும்பையும் நுண்ணிய நார்கள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன.

துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் பாக்டீரியாக்கள் குடியேறத் தொடங்குகின்றன. கூட்டமாகச் சேர்ந்து, பிசுபிசுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்கின்றன. பிளேக் என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நாக்கால் பல்லைத் தடவும்போது மாவு பூசியதுபோலத் தட்டுப்படுவதும் இதுதான். இது ஈறின் விளிம்பில் தங்கினால் ஈறு சிவந்து வீங்கும்.

எவ்வளவு சீக்கிரம் என்பதை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், நல்ல ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. ஈறு நோயைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் இவ்வளவு நம்பிக்கை தரும் செய்தி வேறு இல்லை என்று நினைக்கிறேன். ஆரம்பக் கட்டத்தில் இது முழுவதும் சரியாகக்கூடியது.

அந்த ஆரம்பக் கட்டத்துக்கு ஜின்ஜிவைடிஸ், அதாவது ஈறு அழற்சி என்று பெயர். வீக்கமும் ரத்தமும் இருக்கும், எலும்புக்கு எதுவும் ஆகியிருக்காது. இதையே நெடுநாள் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அடுத்த கட்டமான பெரியோடான்டைடிஸ் வருகிறது. எல்லோருக்கும் வருவதில்லை. பரம்பரை, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவை இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. இந்தக் கட்டத்தில் பாக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பும் நம் உடலின் தற்காப்பே, தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும் அழற்சியாக மாறி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் கரைக்கிறது. ஈறின் பிடி விட்டுப்போக, இடுக்கு 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகிறது. ஆழமான இந்த இடுக்குக்குப் பாக்கெட் என்று பெயர். பிரஷ் முடியால் பாக்கெட்டின் அடிவரை போக முடியாது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதைவிட வசதியான இடம் ஏது?

இதற்கு நடுவே, அகற்றாமல் விட்ட படலம் எச்சிலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகளை வாங்கிக்கொண்டு கல்லாக இறுகுகிறது. இதுதான் காரை. கீழ் முன்பற்களின் உட்புறம் எச்சில் சுரப்பியின் வாய் இருப்பதால் அங்கே சீக்கிரம் படியும். ஒருமுறை இறுகிவிட்டால் எந்தப் பற்பசையாலும் போகாது, கருவியால்தான் எடுக்க வேண்டும். சொரசொரப்பான அதன் மேல் புதிய படலம் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

பரிசோதனையில் முதல் வேலை, பேச்சு

நல்ல கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் கேள்விகள் வரும். சர்க்கரை நோய் இருக்கிறதா, புகைபிடிக்கிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, இதய வால்வு மாற்றியிருக்கிறீர்களா, பேஸ்மேக்கர் உண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். 'பல்லைப் பார்க்க வந்தால் இதெல்லாம் எதற்கு' என்று நினைத்து எதையும் மறைக்க வேண்டாம். செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு ஈறில் கருவி வைப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாய்ன், உறுப்பு மாற்று செய்தவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அப்படி இருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மாற்ற முடியுமா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சில நாடுகளில் இந்தப் பரிசோதனையையும் சுத்தம் செய்வதையும் பல் மருத்துவரோடு சேர்ந்து டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற தனிப் பயிற்சி பெற்றவர் செய்வார். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பற்களைச் சுத்தம் செய்யும் பயிற்சி கொடுத்ததிலிருந்து இந்தத் தொழில் தொடங்குகிறது. மற்ற இடங்களில் பல் மருத்துவரோ ஈறு நோய் சிறப்பு மருத்துவரோ இதைச் செய்வார்.

அடுத்து அளவு. ப்ரோப் என்ற மெல்லிய கருவிதான் இங்கே முக்கியம். கூரான ஊசி என்று பயப்பட வேண்டாம், நுனி மழுங்கலாக இருக்கும். முதல்கட்டச் சோதனைக்கென்று உலக சுகாதார நிறுவனம் வடிவமைத்த ப்ரோபின் நுனியில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு உருண்டை இருக்கும். தண்டில் 3.5 மில்லிமீட்டரிலிருந்து 5.5 வரை ஒரு கறுப்புப் பட்டை. அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, பல்லைச் சுற்றி நடத்திக்கொண்டு வருவார்கள். கறுப்புப் பட்டை முழுவதும் வெளியே தெரிந்தால் ஆழம் சரி. பாதி மறைந்தால் 4, 5 மில்லிமீட்டர் பாக்கெட் இருக்கிறது. முழுவதும் உள்ளே போய்விட்டால் 6 அல்லது அதற்கும் மேல். வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் இருப்பதிலேயே மோசமான அளவை மட்டும் குறித்துக்கொள்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதில் சந்தேகம் வந்தால் முழு அளவீடு. ஒவ்வொரு பல்லுக்கும் வெளிப்பக்கம் மூன்று, உட்பக்கம் மூன்று என ஆறு இடங்களில் அளப்பார்கள். 28 பற்கள் இருந்தால் 168 எண்கள். ஒருவர் '3, 2, 3… 4, 3, 5' என்று சொல்லிக்கொண்டே போக, இன்னொருவர் பதிவு செய்வார். காது கொடுத்துக் கேளுங்கள், அந்த எண்கள் உங்களுடையவை. 1, 2, 3 என்றால் நல்லது. 4 என்றால் கவனம் வேண்டும், அதிலும் ரத்தம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 5-ம் அதற்கு மேலும் வந்தால் அங்கே சிகிச்சை வேலை இருக்கிறது. ப்ரோபை எடுத்ததும் ரத்தம் வருகிறதா என்பதையும் தனியாகக் குறிப்பார்கள். ரத்தம் வராத 4-ம் ரத்தம் வரும் 4-ம் ஒன்றில்லை.

எண் மட்டும் பார்த்தாலும் சில சமயம் ஏமாந்துபோவோம். ஒரு பல்லில் பாக்கெட் 3 மில்லிமீட்டர்தான், ஆனால் ஈறு 4 மில்லிமீட்டர் கீழே இறங்கி வேர் தெரிகிறது என்று வையுங்கள். பல்லின் மேல்பூச்சான எனாமல் முடியும் கோட்டிலிருந்து கணக்குப் போட்டால் ஈறின் பிடி 7 மில்லிமீட்டர் போயிருக்கிறது. '3' என்று கேட்டு நிம்மதி அடைந்தால் தவறு. இதற்கு நேர்மாறாக, எலும்பு அப்படியே இருக்க, ஈறு மட்டும் மேலே வீங்கிப் போய் 5 என்று காட்டுவதும் உண்டு. இது வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும். அதனால்தான் ஈறு இறக்கத்தையும் சேர்த்துக் குறிக்கிறார்கள், எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்பின் விளிம்பு எனாமல் முடியும் இடத்திலிருந்து 1, 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கீழே போயிருந்தால் அந்த இடைவெளிதான் நாம் இழந்த எலும்பு.

பல் ஆடுகிறதா என்று இரண்டு கருவிகளின் கைப்பிடிகளுக்கு நடுவே வைத்து அசைத்துப் பார்ப்பதும், கடைவாய்ப் பற்களின் வேர்கள் பிரியும் இடம் வரை நோய் போயிருக்கிறதா என்று துழாவுவதும் கடைசியாக வரும்.

இத்தனையையும் சேர்த்துத்தான் நோய்க்குப் பெயர் வைக்கிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட முறைப்படி ஸ்டேஜ் 1 முதல் 4 வரை, கிரேடு ஏ முதல் சி வரை என்று எழுதுவார்கள். ஸ்டேஜ் என்பது இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்பது. கிரேடு என்பது எவ்வளவு வேகமாகப் போகும் என்பது. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடிப்பவர், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 7 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள சர்க்கரை நோயாளி ஆகியோர் நேராக கிரேடு சி-க்குப் போய்விடுவார்கள். ஸ்டேஜ் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் புற்றுநோயோ என்று பயந்துவிடுகிறார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிகிச்சை, படிப்படியாக

முதல் படி துலக்கும் முறை. இதைச் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்காமல் நேரே மெஷினை எடுக்கும் கிளினிக், சிகிச்சையின் பாதியை விட்டுவிடுகிறது என்பேன். பிரஷ்ஷின் முடிகள் ஈறின் விளிம்பை 45 டிகிரி சாய்வில் தொட வேண்டும். அங்கிருந்து சிறுசிறு அசைவாக, ஒன்றிரண்டு பற்களாக நகர வேண்டும். காலையும் இரவும் 2 நிமிடம். பற்களின் நடுவே பிரஷ் போகாது, ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதோ அங்கேதான். இடைவெளி உள்ளவர்களுக்கு இன்டர்டென்டல் பிரஷ் என்ற சின்னஞ்சிறு பிரஷ் மிகவும் உதவும். இடைவெளிக்கு ஏற்ற அளவைக் கிளினிக்கிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம். இடைவெளியே இல்லாத இடத்துக்கு ஃப்ளாஸ் என்ற மெல்லிய நூல். ஆரம்பத்தில் சில நாட்கள் ரத்தம் வரும். நிறுத்தாமல் செய்தால், ஈறு அழற்சி மட்டும் உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குறையும்.

அடுத்தது ஸ்கேலிங். நொடிக்கு 25,000 முறைக்கும் மேல் அதிரும் நுனியும் தண்ணீர்ப் பீச்சும் சேர்ந்து, பல்லின் மேலும் ஈறின் விளிம்பிலும் உள்ள காரையைப் பெயர்த்தெடுக்கும். கீச்சென்ற சத்தம் காதுக்குப் பிடிக்காது, பல் கூசும். அவ்வளவுதான். ஈறு அழற்சிக்கு இதுவே போதும்.

பாக்கெட் உள்ளவர்களுக்கு டீப் கிளீனிங். ஈறு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஈறுக்குள் நுழையும்படி செய்த மெல்லிய நுனிகளாலும், க்யூரெட் என்ற வளைந்த கைக்கருவிகளாலும் வேரின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தையும் காரையையும் அகற்றுவார்கள். கண்ணால் பார்க்க முடியாத இடம். விரல் நுனியின் உணர்வை வைத்துத்தான் சொரசொரப்பைத் தேடிப் பிடிப்பார்கள். பொறுமையான வேலை, அதனால் நேரம் எடுக்கும். வாயை இரண்டாகவோ நான்காகவோ பிரித்துப் பல சிட்டிங்கில் செய்வார்கள், சிலர் ஒரே நாளில் முடிப்பார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே ஒரு பயத்தைப் பேசியாக வேண்டும். 'கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்' என்று நம்பி வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. எலும்பு கரைந்த பற்களைக் காரை கட்டியாகச் சேர்த்துப் பிடித்திருக்கும். வீங்கிய ஈறு இடைவெளியை மறைத்திருக்கும். காரையை எடுத்து, வீக்கமும் வடிந்ததும், ஏற்கெனவே நடந்திருந்த சேதம் வெளியே தெரிகிறது. உள்ளபடியே, வீக்கம் வடிந்து ஈறு இறுகியதும் லேசாக ஆடிய பற்கள் பல நேரம் கொஞ்சம் கெட்டிப்படும். சிகிச்சைக்குப் பிறகு ஈறு இறங்கியது போலத் தெரியும், குளிர்ந்த தண்ணீர் சில வாரம் கூசும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பதற மாட்டார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மாத்திரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டு இதைச் சரிசெய்ய முடியாது. படலத்துக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் சரியாக எட்டுவதில்லை. படலத்தைக் கருவியால் கலைத்த பிறகு, தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு மட்டும் துணையாக அதைத் தருவார்கள். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் அப்படித்தான். குறுகிய காலத்துக்கு உதவும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவையும் மாறும்.

மூன்று மாதம் கழித்து

டீப் கிளீனிங் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து மறு அளவீட்டுக்குப் பலர் போவதில்லை. எனக்கு இதைவிட வருத்தம் தரும் விஷயம் இந்த நோயில் இல்லை. ஈறு மறுபடி வேரோடு ஒட்டிப் பாக்கெட் சுருங்கச் சில வாரங்கள் ஆகும். அதனால் 3 மாதம் போல விட்டு, அதே ஆறு இடங்களை மறுபடி அளக்கிறார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிகிச்சை வேலை செய்ததா என்று தெரியும். 6 ஆக இருந்தது 4-க்கு வந்து, ரத்தமும் நின்றிருந்தால் வெற்றி. 5-இலேயே நின்று ரத்தமும் வந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி சுத்தம் செய்வார்கள். 6-ம் அதற்கு மேலும் அப்படியே இருந்தால் ஃபிளாப் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வரும். ஈறை மெல்லத் திறந்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, தையல் போட்டு மூடுவது அது. எலும்பு குறுகலான குழியாகக் கரைந்திருந்தால் எலும்புத்தூள் அல்லது சவ்வு வைத்து ஓரளவு வளர வைக்க முயல்வார்கள். வாய் முழுவதும் மட்டமாக இறங்கிப்போன எலும்பை மறுபடி கொண்டுவர வழி இல்லை. அதை அப்படியே நிறுத்தி வைப்பதுதான் இலக்கு. அதுவே பெரிய காரியம், நிறுத்திவிட்டால் அந்தப் பற்கள் பல பத்தாண்டுகள் இருக்கலாம்.

புகைபிடிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஈறில் ரத்தம் வராததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, எச்சரிக்கையையே மறைத்துவிடுகிறது. உள்ளே நோய் வேகமாகப் போகும், சிகிச்சையின் பலனும் குறையும். புகையை விட்ட சில வாரங்களில் ரத்தம் முன்பைவிட அதிகமாக வரலாம். அது ஈறு மீண்டு வருவதன் அடையாளம்.

சர்க்கரை நோயில் உறவு இருவழி. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினம். ஈறு சிகிச்சைக்குப் பின் 3, 4 மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. சர்க்கரை மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று யோசிக்கும் வேளையில் ஈறையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். அப்போதும் ஸ்கேலிங் செய்யலாம், நடு மூன்று மாதங்கள் வசதியானவை.

ஈறில் திடீரென்று கட்டி கிளம்பினாலோ, சீழ் வந்தாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

மற்றபடி, நோய் அடங்கியதும் வருகைகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெரியோடான்டைடிஸ் வந்தவர்களை முதலில் 3, 4 மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். எண்கள் நிலையாக இருந்தால் 6 மாதம், ஒரு வருடம் என்று நீட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் ப்ரோப் மறுபடி எல்லா இடத்துக்கும் போக வேண்டும், வெறும் ஸ்கேலிங்கோடு அனுப்பினால் 'அளவு எடுக்கவில்லையா?' என்று தயங்காமல் கேளுங்கள். ஊர் மாறினாலோ கிளினிக் மாறினாலோ அளவீட்டுத் தாளின் நகலையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய மருத்துவருக்கு உங்கள் ஈறில் இன்று 5 என்று தெரிவது பாதி விவரம்தான். போன வருடம் அது 4-ஆக இருந்ததா, 7-ஆக இருந்ததா என்பதை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று அவர் முடிவு செய்வார்.